எட்டாம் பிரிவின் மீதி வரி

9 அக்டோபர், திங்கள்

பிரமுவைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. சேர்த்தது நான் அல்ல, மகள் வடிவு. திருச்சியிலிருந்து வந்து இறங்கியவள் காப்பிகூடக் குடிக்காமல் ஆட்டோ கூப்பிட்டாள். நாற்பத்தாறு வருஷமாகப் புருஷனாக இருப்பவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் செருப்பைத் தேடி எடுப்பதற்குள் அம்மையும் மகளும் ஆட்டோவில் ஏறிவிட்டார்கள்.

பிரமு ஆடி மாதத்திலிருந்து பேசுவதில்லை. சாப்பாட்டை முன்னால் வைத்தால் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்று விதமான மாத்திரை கொடுத்துப் பார்த்தும் பலன் இல்லை. எடை நாற்பத்திரண்டு கிலோவுக்கு இறங்கிவிட்டது. ஆடியில் ஆற்றங்கரையில் நடந்ததைப் பற்றி இந்த நோட்டில் எழுதுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். ஆற்றுப்பக்கத்து வாசலுக்கு நான் பூட்டுப் போட்டது நாய்த் தொல்லைக்காக.

டாக்டர் ஹசீனாவுக்கு நாற்பது வயது இருக்கும். என்னையும் வடிவையும் உட்காரவைத்துப் பேசினார்.

"அம்மாவுக்குக் கெட்டமின் ஏத்தலாம்னு இருக்கோம் ஐயா."

"கெட்டமினா? அது போதைப்பொருள்லா?"

"மயக்க மருந்து. அம்பது வருஷத்துக்கு மேலா ஆபரேஷனுக்குக் குடுக்கிறதுதான். கொஞ்சமா, மெதுவா ஏத்தினா, மாத்திரைக்குக் கேக்காத மனச்சோர்வு சிலருக்குச் சட்டுனு குறையுது. ஏத்துற நேரத்துல மெதக்குற மாதிரி இருக்கும். இல்லாதது தெரியும். ஒரு மணி நேரத்துல எல்லாம் அடங்கிரும்."

"இல்லாதது தெரியுறதுக்குப் பேருதான்ம்மா போதை. ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல இதைப் போதைப்பொருள் சட்டத்துல சேத்தாச்சு. பத்து கிராம் சிறு அளவு, ஐநூறு கிராம் வணிக அளவு."

"நாங்க குடுக்கப்போறது இருபத்தொரு மில்லிகிராம்."

"அளவை விடுங்க. பிரிவு எட்டு என்ன சொல்லுது? எந்த நபரும் தயாரிக்கக் கூடாது, வைத்திருக்கக் கூடாது, பயன்படுத்தக் கூடாது. எந்த நபரும்னா டாக்டரும்தான்."

"பிரிவு எட்டை முழுசா வாசிச்சிருக்கீங்களா ஐயா?"

சிரிப்பு வந்தது. எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவன்தான் நான். ஆனால் நாற்பது வருஷம் கோர்ட் வாசலில் தட்டச்சு மிஷினை வைத்துக்கொண்டு மனு எழுதியவன். போதைப்பொருள் வழக்கில் மட்டும் முந்நூறு ஜாமீன் மனு தட்டியிருக்கிறேன். அகராதியை வைத்துக்கொண்டு, பிரிவு பிரிவாகச் சட்டத்தை நானே தமிழாக்கி ஒரு கைப்புத்தகம் வைத்திருக்கிறேன். வக்கீல்களே கடன் வாங்கிப் போவார்கள்.

"அதைத் தமிழ்ல எழுதினவனே நான்தான்ம்மா" என்றேன்.

வடிவு, "அப்பா, இது கோர்ட்டு வாசல் இல்ல" என்றாள். படிவத்தை வாங்கி, நோயாளியின் பிரதிநிதி என்ற இடத்தில் அவளே கையெழுத்துப் போட்டாள். கணவன் என்று அதில் ஒரு கட்டமே இல்லை.

10 அக்டோபர், செவ்வாய்

காலையில் கஞ்சி வைத்துத் தூக்குவாளியில் கொண்டுபோனேன். பிரமு இரண்டு கரண்டி குடித்தாள். அடி பிடித்திருந்தது. அவளாக இருந்தால் சொல்லியிருப்பாள்.

மத்தியானம் மிஷினைத் தூசி தட்டி மனுவைத் தட்டினேன். பெறுநர்: மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம். பொருள்: மேற்படி ஆஸ்பத்திரியில் மேற்படி போதைப்பொருளை மேற்படி நோயாளிக்கு ஏற்ற இருப்பதைத் தடுத்து நிறுத்தக் கோருதல். கைப்புத்தகத்திலிருந்து பிரிவு எட்டை அப்படியே எடுத்துப் போட்டேன். மூன்று பக்கம், ஒரு அடித்தல் கிடையாது.

11 அக்டோபர், புதன்

மனு பதிவுத் தபாலில் போய்விட்டது. வரும் வழியில் கத்திரிக்காய் வாங்கினேன். பூச்சி.

12 அக்டோபர், வியாழன்

முதல் ஊசி. ஊசி என்று நான் நினைத்திருந்தேன். கையில் குழாய் செருகி நாற்பது நிமிஷம் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். பக்கத்தில் மயக்க மருந்து டாக்டர் ஒருவர் உட்கார்ந்தே இருந்தார். மருந்தை இரண்டு பூட்டுப் போட்ட அலமாரியிலிருந்து எடுத்தார்கள். சீட்டு இரண்டு பிரதி, நோட்டில் பதிவு, எடுத்தவர் கையெழுத்து, பார்த்தவர் கையெழுத்து. குறை சொல்ல இடம் தேடினேன். தேதியை மட்டும் கிறுக்கலாகப் போட்டிருந்தார்கள்.

நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன், நேரம் சரிபார்க்க. பதினைந்தாவது நிமிஷத்தில் பிரமு கண்ணை அகலத் திறந்து கூரையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. இரத்த அழுத்தம் நூற்று நாற்பத்தெட்டுக்கு ஏறியது. நான் கதவைத் தட்டினேன். உள்ளே இருந்த டாக்டர் கையை உயர்த்தி, ஒன்றுமில்லை என்று காட்டினார். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி தட்டினேன். அதற்குப் பிறகு என்னை வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

டாக்டர் ஹசீனா தாமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது என்று கேட்டேன். மூளையில் குளூட்டமேட் என்று ஒன்று செய்தி சுமந்து போகிறதாம். அது நுழையும் வாசல்களில் ஒன்றை இந்த மருந்து கொஞ்ச நேரம் அடைத்துக்கொள்கிறதாம். இரண்டு மூன்று மணி நேரத்தில் மருந்தில் பாதி கரைந்துவிடும். ஆனால் அதற்குள் நரம்புகள் புதிதாகக் கிளைவிடத் தொடங்குவதாகச் சொல்கிறார்கள்.

"சொல்லுதாங்கன்னா? உறுதியாத் தெரியாதா?"

"முழுசாத் தெரியாது ஐயா. எலியில பாத்திருக்காங்க. மனுஷன்ல இன்னும் தேடிட்டிருக்காங்க. பலன் எல்லாருக்கும் வராது. வந்தாலும் சில நாள்தான் நிக்கும். அதனாலதான் வாரத்துக்கு ரெண்டுன்னு ஆறு தடவை."

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் டாக்டரை நான் முதல்முறையாகப் பார்க்கிறேன். எனக்குப் புரிந்தவரை இது ஒரு இடைக்காலத் தடையாணை. தடை விலகிய பிறகும் பலன் நிற்கிறது. எந்தக் கோர்ட்டிலும் நான் அப்படிக் கண்டதில்லை.

13 அக்டோபர், வெள்ளி

காலை 7.20. பிரமு "தண்ணி" என்றாள்.

16 அக்டோபர், திங்கள்

இரண்டாவது. இந்த முறை கதவைத் தட்டவில்லை. வீட்டுக்கு வந்து அவளுடைய இரண்டு சேலையைத் துவைத்துப் போட்டேன். ஒன்றில் சாயம் போய்விட்டது.

17 அக்டோபர், செவ்வாய்

ஒன்றரை இட்லி சாப்பிட்டாள். வடிவு ஊட்டப் போனபோது கையிலிருந்து தட்டை வாங்கித் தானே பிட்டுச் சாப்பிட்டாள். பிறகு ஜன்னலைப் பார்த்து, "மழை வருமோ?" என்று கேட்டாள். வடிவு அழ ஆரம்பித்தாள். அழுவதற்கு என்ன இருக்கிறது? அக்டோபரில் மழை வரும்தான்.

மருந்து ஏற்றும்போது என்ன தெரிந்தது என்று வடிவு மெல்லக் கேட்டாள். பிரமு தட்டைக் கீழே வைத்தாள்.

"ஆத்துக்குள்ள மல்லாந்து கெடந்தேன். மேல தண்ணி ஓடிச்சு. தண்ணிக்கு மேல வெளிச்சம்." விரலைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா மூச்சு முட்டலை, பாப்பா. இந்தத் தடவை மூச்சு முட்டலை."

நான் டம்ளர்களைக் கழுவப் போய்விட்டேன். இரண்டு டம்ளர்தான். நன்றாகக் கழுவினேன்.

திரும்பும்போது தபால் ஆபீஸில் நுழைந்து, பதிவுத் தபாலைத் திரும்பப் பெற ஏதாவது விதி இருக்கிறதா என்று விசாரித்தேன். பொது அறிவுக்காக. சேர்ந்துவிட்ட தபாலைப் பெற முடியாதாம். பன்னிரண்டாம் தேதியே சேர்ந்துவிட்டதாம். மற்ற நாளில் ஒரு வாரம் எடுத்துக்கொள்வார்கள்.

19 அக்டோபர், வியாழன்

இன்று மூன்றாவது ஏற்ற வேண்டியது. ஏற்றவில்லை.

காலை பத்து மணிக்கு மருந்து ஆய்வாளர் வந்தார். ராயப்பன் என்று பெயர். நோட்டுகளைப் புரட்டினார், குப்பிகளை எண்ணினார். புகார் மேல் விசாரணை முடியும்வரை அந்த அலமாரியிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்று சொல்லிச் சீல் வைத்துவிட்டுப் போனார். புகார் கொடுத்தவர் நேரில் வந்து வாக்குமூலம் தர வேண்டுமாம். சனி ஞாயிறு, அதன்பின் ஆயுத பூஜை, விஜயதசமி. ஆபீஸ் புதன்கிழமைதான் திறக்கும். நாளைக்கு அவர் தென்காசிப் பக்கம் ஆய்வுக்குப் போகிறாராம்.

வராந்தாவில் வடிவு என் முன்னால் வந்து நின்றாள்.

"யாரோ மனு போட்டிருக்காவளாம்ப்பா."

"பொதுநலத்துல அக்கறை உள்ளவங்க யாராவது இருப்பாங்க."

"மூணு பக்கமாம். 'மேற்படி' மட்டும் பதினாலு இடத்துல இருக்காம். டாக்டர் எண்ணிப் பாத்திருக்காவ."

நான் தூக்குவாளியின் மூடியை அழுத்தி மூடினேன்.

"அம்மை தானா இட்லி பிட்டுத் தின்னாளே, நீங்க பாத்தீங்கள்லா? கண்ணால பாத்தீங்கள்லா?"

"மனு போட்டது அதுக்கு மின்ன" என்றேன். அது உண்மை. தேதி இருக்கிறது.

வடிவு மத்தியானம் சாப்பிடவில்லை. சாம்பாரில் புளி அதிகமாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

20 அக்டோபர், வெள்ளி

பிரமு அரை இட்லி. மதுரைக்குக் கொண்டுபோகலாமா என்று வடிவு கேட்டாள். இந்த நிலையில் அலைக்கழிக்க வேண்டாம், புதன்வரை பார்ப்போம் என்றார் டாக்டர். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம்.

21 அக்டோபர், சனி

கஞ்சி இரண்டு கரண்டி. பேச்சு இல்லை.

22 அக்டோபர், ஞாயிறு

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தெருவுக்காக நான் மனுப் போட்டு நடத்திவரும் நகராட்சிக் குழாய் விவகாரம் முழுவதையும் முதலிலிருந்து சொன்னேன். திரும்பிப் பார்க்கவில்லை.

23 அக்டோபர், திங்கள்

ஆயுத பூஜை. வருஷா வருஷம் புத்தகங்களைத் துடைத்து அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைப்பது பிரமு. எது மேலே, எது கீழே என்று அவளுக்குத்தான் தெரியும். இந்த வருஷம் நான் அடுக்கினேன். அடியில் பெரிய சட்டப் புத்தகங்கள், மேலே என் கைப்புத்தகம், பக்கத்தில் மிஷின்.

அடுக்கிய பிறகுதான் பரண்மேல் இன்னும் ஒன்று கிடப்பது தெரிந்தது. போதைப்பொருள் சட்டத்தின் ஆங்கில மூலம். நான் தமிழாக்குவதற்கு வைத்திருந்த அதே பிரதி. முதுகு பிய்ந்திருந்தது. துடைக்கும்போது தாள்கள் கழன்று தரையில் விழுந்தன. வரிசைப்படுத்த வேண்டுமே என்று பொறுக்கினேன். பிரிவு எட்டு இருந்த தாளில் என் பென்சில் கோடுகள். கூடாது, கூடாது, கூடாது என்று ஒவ்வொரு வினைக்கும் கீழே கோடு.

கோடு முடிந்த இடத்துக்கு அப்புறமும் வரிகள் இருந்தன.

மருத்துவத் தேவைக்காகவோ அறிவியல் தேவைக்காகவோ, சட்டம் சொல்லும் முறையிலும் அளவிலும் செய்தால் தவிர என்று இருந்தது. கோடு போட்ட அத்தனை 'கூடாது'களையும் கட்டுப்படுத்துகிற வரி.

கைப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். என் தமிழில் அந்த வரி இல்லை. முற்றுப்புள்ளி வைத்து, அடிக்கோடும் இழுத்து, பிரிவு ஒன்பதுக்குப் போயிருக்கிறேன்.

ஏன் விட்டேன் என்று யோசித்தேன். என்னிடம் வந்தவர்கள் எல்லாம் பஸ் ஸ்டாண்டிலும் லாட்ஜிலும் பிடிபட்டவர்கள். மருத்துவத் தேவைக்கு என்று வந்து நின்றவர் ஒருவர்கூட இல்லை. தேவைப்படாத வரியைத் தமிழாக்க அந்தக் காலத்தில் நேரம் இருந்திருக்காது. முப்பது வருஷம் அந்தக் கைப்புத்தகத்தைத்தான் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பதிப்பில் ஒரு விடுபாடு. பதிப்பாளர் நான்.

பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள்வரை திறக்கக் கூடாது, எழுதக் கூடாது என்பது பிரமுவின் கண்டிப்பு. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பேனாவை எடுத்தேன். கைப்புத்தகத்தில், அடிக்கோட்டுக்குக் கீழே இடம் போதாமல், ஓரத்தில் செங்குத்தாக அந்த வரியை எழுதினேன். மிஷினில் வைத்திருந்த பூவை எடுத்துக் கீழே வைத்துவிட்டுத் தட்டவும் ஆரம்பித்தேன். சரஸ்வதிக்கு ஆட்சேபம் இருந்தால் புதன்கிழமைக்கு மேல் சொல்லட்டும்.

24 அக்டோபர், செவ்வாய்

கஞ்சி ஒரு கரண்டி. உதட்டில் பட்டு வெளியே வந்துவிட்டது.

வடிவு என்னிடம் பேசுவதில்லை. இந்த வீட்டில் பேசாதவர்கள் எண்ணிக்கை இரண்டாகிவிட்டது.

25 அக்டோபர், புதன்

காலை ஒன்பது மணிக்கே மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலக வாசலில் நின்றேன். பத்தே காலுக்கு ராயப்பன் வந்தார். என் மனுவை எடுத்து மேஜைமேல் பிரித்தார்.

"நீங்கதானா அண்ணாச்சி ஆவுடையப்பன்? மனு நல்லாத்தான் இருக்கு. ஆனா பிரிவு எட்டு பாதி வழியில நிக்குதே."

"மீதி இதுல இருக்கு" என்று புதிய தாளை நீட்டினேன்.

வாசித்தார். மறுபடி வாசித்தார். "அப்போ மேற்படி ஆஸ்பத்திரி மேல தப்பு ஒண்ணும் இல்லைங்கீங்க."

"தேதிகளைக் கிறுக்கலாப் போடுதாங்க. அது தனி."

"சரி. வாபஸ்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. முடிச்சிருவோம்."

"வாபஸா? நாப்பது வருஷத்துல நான் போட்ட மனுவை வாபஸ் வாங்கினது கிடையாது சார்."

"பின்ன இது என்ன?"

"மேலயே போட்டிருக்கே. கூடுதல் மனு. முதல் மனுவைத் தொடர்ந்து, அதன் பகுதியாக வாசிக்க வேண்டியது. ரெண்டையும் சேர்த்து வாசிச்சா, சிகிச்சையை உடனே தொடர அனுமதிக்கணும்னு கோரிக்கை வரும்."

"முதல் மனு நிறுத்தச் சொல்லுது. ரெண்டாவது தொடரச் சொல்லுது. ரெண்டும் எப்பிடிண்ணாச்சி ஒரே மனு ஆகும்?"

"சட்டத்துலயே அப்பிடித்தான் சார் இருக்கு. முதல்ல கூடாதுங்குது, கடைசில தவிரங்குது. ஒரே பிரிவுதான்."

ராயப்பன் இரண்டு தாளையும் ஒன்றாக அடுக்கினார். மெல்லக் கேட்டார்: "நோயாளி உங்களுக்கு என்ன வேணும்?"

மனுவில் நான் அதைக் குறிப்பிட்டிருக்கவில்லை. மேற்படி நோயாளி என்றுதான் எல்லா இடத்திலும்.

"என் வீட்டுக்காரி" என்றேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். ஆபீஸில் தூசி அதிகம்.

அவர் ஒரு டம்ளர் தண்ணீர் வரவழைத்தார். மத்தியானம் இரண்டரைக்கு அவரே வந்து சீலை எடுத்தார். போகும்போது, "தேதியைத் தெளிவாப் போடுங்க சிஸ்டர், அண்ணாச்சி பாத்துக்கிட்டே இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல அதிகாரி.

26 அக்டோபர், வியாழன்

மூன்றாவது ஏற்றினார்கள். தேதி தெளிவாக இருந்தது.

கண்ணாடிக்கு வெளியே நானும் வடிவும் நின்றோம். இருபதாவது நிமிஷத்தில் வடிவு என் தோளில் தலையைச் சாய்த்தாள். கால் வலியாக இருக்கும்.

27 அக்டோபர், வெள்ளி

ஒன்றுமில்லை. கஞ்சி மூன்று கரண்டி. இரண்டு ஏற்றிய பலனை நான் கெடுத்துவிட்டேனா என்று டாக்டரிடம் கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை.

28 அக்டோபர், சனி

கேட்டேன். "கெட்டுப்போகலை ஐயா, தாமதம் ஆயிருக்கு. பொறுங்க" என்றார். பொறுப்பது எனக்குப் பழக்கமில்லை.

29 அக்டோபர், ஞாயிறு

நகராட்சிக் குழாய் விவகாரத்தை விட்ட இடத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். அசிஸ்டன்ட் இன்ஜினியர் எழுதிய பதிலில் இருந்த மூன்று தவறுகளில் இரண்டாவதற்கு வந்தபோது, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் திரும்பினாள்.

"இதைப் போன வாரமும் சொன்னீங்க" என்றாள்.

கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். முழுவதும்.

நான் வெளியே போய் வராந்தா முழுக்க இரண்டு தடவை நடந்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது அவள் எழுந்து உட்கார்ந்து, வடிவிடம் தலைவாரிவிடச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

30 அக்டோபர், திங்கள்

நான்காவது. ஏற்றுவதற்கு முன்னால் டாக்டர் ஹசீனா சம்மதப் படிவத்தோடு வந்தார். வடிவு பேனாவுக்குக் கை நீட்டினாள். நானும் நீட்டினேன்.

"யாரும் போட வேண்டாம். அம்மா இப்போ தானே முடிவெடுக்கலாம்" என்றார் டாக்டர்.

பிரமு படிவத்தை வாங்கிக்கொண்டாள். நான் மூக்குக் கண்ணாடியை எடுத்தேன்.

"கொண்டா, வாசிச்சுச் சொல்லுதேன்."

"வேண்டாம். நீங்க வாசிச்சு, அதுக்கு அர்த்தம் சொல்லி, அதுல நாலு தப்பு கண்டுபிடிச்சு முடிக்கதுக்குள்ள மருந்து காலாவதி ஆயிரும்."

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வடிவு பொத்திக்கொள்ளாமலே சிரித்தாள்.

பிரமு விரலை வைத்து வரிவரியாக வாசித்தாள். பதினொரு நிமிஷம். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, "ஞாபகம் தற்காலிகமாகக் குழம்பலாம்னு போட்டிருக்கே, எவ்வளவு நேரத்துக்கு?" என்று டாக்டரைக் கேட்டாள். நல்ல கேள்வி. நான் கேட்டிருக்கவில்லை.

பிறகு கையெழுத்துப் போட்டாள். சி. பிரமு.

ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புத்தகம் எல்லாவற்றிலும் அவள் ஆ. பிரமு. சி என்பது அவள் அப்பா சிதம்பரத்தின் எழுத்து, பள்ளிக்கூடத்தில் போட்டது. ஆவணங்களில் பெயர் மாறினால் என்னென்ன சிக்கல் வரும் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட சிக்கல்களை வைத்துத்தான் நாற்பது வருஷம் பிழைத்தேன். வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"என்ன, தப்பா?"

"இல்ல" என்றேன். "எழுத்து நல்லாருக்கு."

4 நவம்பர், சனி

மருந்து இன்னும் ஒன்று பாக்கி. அதற்கு மட்டும் திங்கள்கிழமை போய்வந்தால் போதும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுபடி இறங்கினால் மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும் என்றும் டாக்டர் சொல்லியிருக்கிறார். பிரமு வந்ததும் வராததுமாகப் பூஜை அடுக்கைப் பார்த்து, மிஷினில் யார் கை வைத்தது என்று கேட்டாள். அதன் பிறகு பரண், சாயம் போன சேலை, ஆற்றுப்பக்கத்துப் பூட்டு, நாற்பத்தாறு வருஷம்

5 நவம்பர், ஞாயிறு

நேற்று முடிக்க முடியவில்லை. இன்றும் முடியாது போலிருக்கிறது. பிரமு பேசிக்கொண்டிருக்கிறாள்.